எண்ணெய்க் கணக்கும் ஏழைகள் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியாவில் கடும் வறுமை 2011-12இல் இருந்த 27.1 சதவீதத்திலிருந்து 2022-23இல் 5.3 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்ற உலக வங்கியின் கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட எண்களுக்காக, குடும்பங்களின் செலவைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வில் வீடு வீடாகச் சென்று, அரிசி எத்தனை கிலோ, விறகு எத்தனை கட்டு என்று கேட்டு எழுதியவன் நான்.

1999-2000 ஆய்வை என்னால் மறக்க முடியாது. உணவுச் செலவை 7 நாள் கணக்காகவும் 30 நாள் கணக்காகவும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். ஆலங்குளம் அருகே ஒரு கிராமத்தில், பீடி சுற்றிக்கொண்டே பதில் சொன்ன அம்மாள், வாரத்துக்குக் கால் லிட்டர் எண்ணெய் என்றார். மாதத்துக்கு எவ்வளவு என்றேன். சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதையே நாலால் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா" என்றார். மாதக் கடைசியில் எண்ணெய் வாங்க முடியாத நாட்கள் அந்தப் பெருக்கலில் காணாமல் போயின. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை அந்த ஆய்வில் 26.1 ஆனது. அதில் எவ்வளவு உண்மையான இறக்கம், எவ்வளவு கேள்வித்தாளின் வேலை என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள்.

2022-23இலும் கேள்வித்தாள் மாறியது. ஒரு வீட்டுக்கு ஒரே முறை சென்றது போய், மூன்று தாள்களுடன் மூன்று முறை செல்கிறார்கள். பொருட்களின் பட்டியல் 347லிருந்து 405 ஆகியிருக்கிறது. இது நல்ல மாற்றம்தான், நானே விரும்பியது. ஆனால் கூடுதலாகக் கேட்டால் செலவும் கூடுதலாகத்தான் பதிவாகும்; செலவு கூடினால் ஏழைகளின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியும். பழைய எண்ணோடு அப்படியே ஒப்பிடுவது சரியல்ல.

வறுமை குறையவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓலைக் குடிசைகள் ஓட்டு வீடுகளானதை நான் நடந்த தெருக்களிலேயே கண்டேன். என் ஆதங்கம் வறுமைக் கோட்டைப் பற்றியது. வறுமையை அளக்க மத்திய அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12க்கு வகுத்த கோடு, கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய். 2014இல் ரங்கராஜன் குழு அதை 972 ஆக்கியது. நகரத்துக்கு 1,000 ரூபாயாக இருந்தது 1,407 ஆனது. அதே ஆண்டின் ஏழைகள் 26.9 கோடியிலிருந்து 36.3 கோடியானார்கள்! அதன் பிறகு புதிய கோடு எதுவும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படவில்லை. இன்றைய வாடகைக்கும் மருத்துவச் செலவுக்கும் ஏற்ற கோட்டை மத்திய அரசு உடனே வகுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் வறுமை விகிதத்தை அச்சிடும்போதெல்லாம், அது எந்தக் கோட்டின்படி, எத்தனை நாள் கணக்கின்படி என்பதையும் கூடவே அச்சிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற கள ஆய்வாளர்,
பாளையங்கோட்டை