பாப்பா பெரியவளான சேதி

யோத்தெபோரி, ஸ்வீடன்
டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நீ அனுப்பிய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆடிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடு. பாப்பா பெரியவளாகிவிட்டாள் என்ற வரியை வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே போய் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே இப்போது மாலை மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. ராத்திரி ஷிஃப்ட் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், அதனால் இருட்டு பெரிதாகத் தெரிவதில்லை. இலங்கைக்காரர் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை களி கிண்டுகிறேன். கீரை கடைய மத்துதான் இல்லை. கரண்டியின் பின்பக்கத்தால் மசிக்கிறேன்.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேனே, அவர் நேற்று முன்தினம் லூசியா பண்டிகைக்குக் குங்குமப்பூ போட்டுச் சுட்ட பன் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் காலையில், மஞ்சள் சட்டை மாட்டிய சின்னப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்துத் தெருவில் போவார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை ஜன்னலில் நின்று கையசைப்பார். போனதும் ஒரு பழைய இசைத்தட்டைப் போடுவார். தினமும் அதே பாட்டுதான்.

‘ஆபா’ என்ற இந்த நாட்டுப் பாட்டுக் குழு 1981-இல் வெளியிட்ட பாட்டு அது. பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற மகளைப் பார்த்து, இவளோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே என்று ஒரு தாய் ஏங்குவாள். எழுதியவரும் பாடியவரும் கணவன் மனைவியாக இருந்தவர்களாம். தங்கள் மகளை நினைத்தே அவர் எழுதினாராம். பாட்டு வருவதற்கு முந்தின வருடமே விவாகரத்து ஆகிவிட்டது. பாட்டிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லோரும் தூரத்தில்.

நான் பாடிய பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ மண்டிக்கு மாமாவுக்குச் சோறு எடுத்துப் போகும்போது தூளியை ஆட்டுவது என் வேலை. அம்மா சொல்லிக்கொடுத்த தாலாட்டில் மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானோ என்று வரும் இடத்தில், பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். பிள்ளைத்தமிழில் பெண் குழந்தைக்குக் கடைசிப் பருவம் ஊசல் என்று தமிழய்யா சொன்னார். அதற்கு மேல் புலவர்கள் பாடவில்லை. பெங்களூரா மாமரத்துக் கிளையில் அவளுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். அப்போது ஆறு வயது. போனில் முகம் மட்டும்தான் தெரிகிறது அக்கா, உயரம் தெரிவதில்லை.

பெரியப்பா மகன் எனக்குப் பதிலாகப் பச்சை ஓலை கட்டினான் என்று எழுதியிருந்தாய். அது நான் கட்ட வேண்டிய ஓலை. தென்பெண்ணைக் கரைத் தோப்பிலிருந்து மட்டையைத் தோளில் போட்டு இழுத்துவந்து, என் கையாலேயே முடைந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி வேலையில் கை ஓடவில்லை.

சரி, தை சீருக்கு வருவேன் என்று சொல்லிவிட முடியாது, லீவு கிடைப்பது கஷ்டம். சீர்ப் பணத்தை இரண்டு தவணையாக அனுப்புகிறேன். இங்கே சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை, மாமாவிடம் அப்படியே சொல். பட்டுப்பாவாடை பாப்பாவே நிறம் பார்த்து எடுக்கட்டும். அம்மா தன் தோட்டை அடகு வைக்கிறேன் என்றால் விடாதே. தோட்டக் குத்தகையை இப்போதே பேசி முடிக்க வேண்டாம். பூ எடுத்த பிறகு பேசினால்தான் நமக்கு விலை நிற்கும்.

சீர்த் தட்டில் நான் பார்த்து வாங்கியது ஒன்றாவது இருக்க வேண்டும். இங்கே ஒரு கடையில் வெள்ளி வளையல் பார்த்து வைத்திருக்கிறேன். பாப்பாவின் மணிக்கட்டை நூலால் சுற்றி அளந்து, அந்த நூலையே பதில் கடிதத்தில் வைத்து அனுப்பு.

உன் தம்பி