ட்ராயிங் போடறவங்க மெஷின் பக்கமும் வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஓசூர் சிப்காட்டைச் சுத்தி இருக்கற ஜாப் ஒர்க் ஷாப்ல (கம்பெனிங்க குடுக்கற ட்ராயிங்படி பார்ட் வெட்டிக் குடுக்கற எடம்) ஒண்ணுல விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின், ஓட்டறேங்க. வேலை தெரிஞ்ச ஆள் கெடைக்கறதில்லன்னு பேப்பர்ல அடிக்கடி வருது, சரிதான், ஆனா எங்க கைக்கு வர்ற ட்ராயிங்கைப் பத்தி யாரும் வாயத் தெறக்கறதில்ல.

அலுமினியத்துல 40 எம்எம் ஆழத்துக்கு பாக்கெட், அதாவது குழி, அதோட உள்மூலை வளைவுக்கு ரேடியஸ் 3 எம்எம்னு ஒரு ட்ராயிங் வரும். கட்டர் சுத்திக்கிட்டே வெட்டறது, மூலைல அதோட ரேடியஸ் விழத்தான் செய்யும், அதனால 6 எம்எம் விட்டமுள்ள எண்ட்மில் கட்டருக்கு மேல போட வழியில்ல, அதுவும் 40க்கு மேல வெளிய நீட்டிக்கிட்டு நிக்கணும், மூலைக்குப் போனதும் அது போடற சத்தத்துல மொத்த ஷாப்பும் திரும்பிப் பாக்கும், செவுத்துல வரிவரியா மார்க் விழும், அப்புறம் ஃபீடைக் கொறச்சு கொறச்சு ஓட்டணும். அதே மூலைக்கு 6 ரேடியஸ் குடுத்திருந்தா 10 எம்எம் கட்டர் நிக்காம வளைஞ்சு வந்துரும். ஒரே நீளத்துல 10 எம்எம் கட்டர் 6 எம்எம்மை விட ஏழு மடங்குக்கு மேல வெறப்புங்க, விட்டத்தோட நாலாம் அடுக்குக் கணக்கு, ட்ராயிங் போடறவங்க காலேஜ்ல எழுதி பாஸ் பண்ணினதுதான். குழிக்குள்ள உக்கார்ற எதிர் பார்ட் கூர் மூலையா இருந்தாலும் குழி மூலைல ரிலீஃப்னு கொஞ்சம் கூடுதலா தோண்ட விட்டா உக்காந்துரும். முடியாதுன்னா ஈடிஎம், மின்பொறியால உலோகத்தை அரிச்சு எடுக்கற மொறை, அந்தக் காசை ரேட்ல ஏத்திக் கேட்டா மொகம் மாறும்.

6 எம்எம் ஸ்க்ரூவுக்கான, அடி மூடின எம்6 ஹோல்ல அடிமட்டம் வரைக்கும் த்ரெட் கேக்கறது இன்னொரு கூத்து. த்ரெட் வெட்டற டேப்போட மொனை சரிவா இருக்கும், வெட்டுத் துகள் போக எடம் வேணும், ஹோலைக் கொஞ்சம் ஆழமா விடுங்கன்னா கேக்கறதில்ல. எல்லா வேலையும் முடிஞ்ச ஜாப்ல டேப் ஒடைஞ்சு உள்ள நின்னா அன்னிக்கு சோறு எறங்காது. டாலரன்ஸ் (அளவு எவ்வளவு வரைக்கும் மாறலாம்ங்கறது) கதையும் இதேதான், பேரிங் உக்கார்ற எடத்துக்குத் தேவையான 0.02 எம்எம்மை சும்மா இருக்கற வெளி ஓரத்துக்கும் போட்டு அனுப்பறாங்க.

ட்ராயிங் போடற பசங்க மேல கோவம் இல்லைங்க, ஸ்க்ரீன்ல எந்த மூலையும் வெட்டுப்படும். பர்கூர், தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரிப் பசங்களை, டிசைன் ப்ராஜெக்ட் முடிக்கறதுக்கு முன்னாடி, அவங்க வரைஞ்ச பார்ட்டையே இங்க ஒரு ஷாப்ல நின்னு வெட்டிப் பாக்க வெக்கணும். கம்பெனி டிசைன் ஆபீஸ்காரங்களும் ட்ராயிங்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் போடட்டும். சிப்காட் பக்கத்துலயேதான் இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு விஎம்சி ஆபரேட்டர், ஓசூர்