கும்ப ராசிக்கு முன்னால் நான்கு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மூளை பற்றிய கட்டுரையில், "மனிதனுக்குச் சுயவிருப்பம் கிடையாது என்பதை அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டீர்கள். அதன் பலனை அன்று சாயங்காலமே அனுபவித்தேன். குடித்துவிட்டு வந்த பங்காளி மகனைக் கண்டித்தால், "நானாங்க பெரியப்பா குடிக்கறேன்? மூளை முன்னாடியே முடிவு பண்ணீருதாமா. பேப்பர்லயே போட்டிருக்குதுங்க" என்கிறான்.

தாங்கள் அறியாததல்ல. 1983-இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையில், மனதுக்குத் தோன்றும்போது கையை மடக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். கை அசைவதற்கு அரை விநாடிக்கு முன்பே மூளையில் ஒரு மின் அலை எழும்பியது. மடக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கே தெரிந்ததோ அசைவுக்கு 0.2 விநாடிக்கு முன்பு. அந்த இடைவெளியில் 'வேண்டாம்' என்று நிறுத்திக்கொள்ள முடியும் என்று சொன்னவரும் அதே லிபெட்தான். கட்டுரையில் அந்தப் பாதியைக் காணோம். அந்த அலை முடிவே அல்ல, மூளையில் எப்போதும் இருக்கும் இரைச்சலின் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று 2012-இல் ஆரோன் ஷூர்கர் குழுவினர் எழுதியதையும் காணோம். சுயவிருப்பமே இல்லை என்று ராபர்ட் சபோல்ஸ்கி போன்ற மூளை அறிவியலாளர்கள் வாதாடுகிறார்கள், சரி, வாதாடட்டும். வழக்கு நடக்கும்போதே தீர்ப்பு எழுதும் அதிகாரம் ஞாயிறு இணைப்புக்கு எப்போது வந்தது?

பரிணாமத்தையும் இழுத்து, எல்லாம் மரபணுவின் ஏவல் என்கிறார் கட்டுரையாளர். காங்கேயம் மாடு வளர்ப்பவனுக்கு அதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாவது ரத்தத்தில் இருப்பது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலிக்கு மேலே, அடுத்தவர் சோளத்துக்கு நீட்டிய வாயை ஒரே அதட்டலில் மயிலைக் காளை இழுத்துக்கொள்கிறதே, அந்த அடக்கம் மட்டும் பரிணாமத்தில் வராமல் எங்கிருந்து வந்ததாம்?

காளை என்றதும் ஞாபகம் வருகிறது. கண்ணபுரம் மாட்டுச்சந்தைப் படத்தில் கிடாரியைக் காளை என்று போட்டீர்கள். எழுதினேன், திருத்தம் வரவில்லை. அதற்கு முந்தைய கடிதத்தைப் பாதியில் வெட்டினீர்கள். அப்புறம், அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் கும்ப ராசிக்காரர்களை முடிவெடுக்க விடாமல் சனி தடுக்கிறார். முன்பக்கத்தில் மூளை, பின்பக்கத்தில் சனி. சந்தா கட்டும் முடிவு மட்டும் எங்களுடையது போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. லிபெட் சொன்ன மறுபாதியை அடுத்த வாரம் நான்கு வரியில் போடுங்கள். இடமில்லை என்றால் கும்ப ராசியைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
வெள்ளகோவில்.