சைலன்சருக்கு ஒட்டுப் போட்டு அனுப்பாதீர்கள்: பட்டறை அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கார் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

மாருதி 800 விற்பனை 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டிலும் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஓட்டுபவர்களுக்குப் புது கார் வாங்க வசதி கிடையாது. கார் திடீரென்று டிராக்டர் மாதிரி சத்தம் போட்டால் நேராக உங்களிடம்தான் வருகிறார்கள். நீங்கள் சொல்வதுதான் அவர்களுக்கு முடிவு. அதனால்தான் இந்த மடல் ஆர்.டி.ஓ.வுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

ஓட்டை விழுந்த சைலன்சருக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்து அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும் பொருள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உண்டாகி, ஆவியாகக் குழாய் வழியே போகிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் வெளியேறிவிடும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து வீடு என்று ஓடும் காரில் பின் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது.

சேலம் ரோட்டில் ஒரு பட்டறையில், கழற்றிய சைலன்சரை மெக்கானிக் ஒருவர் கிரைண்டரால் இரண்டாக வெட்டிக் காட்டினார். வெளியே கறுப்புப் பெயின்ட் நன்றாகவே இருந்தது, விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை. உள்ளே தடுப்புத் தகடுகள் கழன்று ஒரு மூலையில் கிடந்தன. தட்டியதும் செம்மண் நிறத்தில் துரு கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டியது. அந்தத் தகட்டின் மேல் எதை வைத்து வெல்டிங் அடித்தாலும் பக்கத்தில் இன்னொரு ஓட்டைதான் விழும். பல கார்களில் பெட்ரோல் டேங்கும் சைலன்சருக்கு அருகிலேயே இருக்கிறது. காரோடு வைத்தே, பேட்டரி டெர்மினலைக்கூடக் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் அடிப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காருக்கு அடியில் கசியும் புகை அப்படியில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் இந்த வாயுவுக்கு அனுமதிக்கும் அளவே 3 சதவீதம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நகராமல் நிற்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்திருக்கிறது ஒரு குடும்பம். தரையில் ஒரு துரு ஓட்டை, டிக்கி ரப்பரில் ஒரு கிழிசல் போதும். பின் சீட்டுக் குழந்தை தலை சுற்றுகிறது என்று சொன்னால் மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பெற்றவர்கள் நினைப்பார்கள்.

அப்புறம், உள்ளே ஒன்றுமில்லாத காலி டப்பாவை மாட்டி 'பிக்கப் ஏறும், மைலேஜ் கிடைக்கும்' என்று சொல்வதும் வேண்டாம். சாதாரணக் குடும்பக் காரில் இரண்டும் நடப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி சத்தம், புகை விதிகளை முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. மாட்டிக்கொள்வது வண்டியை ஓட்டுகிறவர்தான்.

மாற்றும்போது சைலன்சரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். சைலன்சரைத் தாங்கித் தொங்கும் ரப்பர் ஒன்று அறுந்திருந்தாலும் மொத்த எடையும் ஜாயின்ட்டில் ஏறி, புதுசும் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும். ஜாயின்ட்டில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டும் குழாயை இறுக்கும் கிளாம்ப்பும் புதிதாகவே இருக்கட்டும். முதலில் எல்லாவற்றையும் லூசாக மாட்டி, பாடியில் எங்கும் இடிக்காமல் இடைவெளி பார்த்து, அதன் பிறகு முன்னிருந்து பின்னாக முடுக்குங்கள். எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள். ஜாயின்ட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். புது சைலன்சர் முதல் தடவை சூடாகும்போது பெயின்ட் கருகி லேசாகப் புகை வரும், பயப்பட வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் பதறிக்கொண்டு திரும்பி வரமாட்டார்.

செலவு கூடும், வருகிறவர்கள் பேரம் பேசுவார்கள் என்பது உண்மைதான். கழற்றிய பழசை அவர்கள் கண் முன்னால் வெட்டிக் காட்டுங்கள், பேரம் பாதியாகக் குறையும். ரப்பர், கேஸ்கெட், கிளாம்ப் விலையை முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கையில் அப்போதைக்குப் பணம் இல்லாதவரிடம், மாற்றும்வரை கண்ணாடியை இறக்கியே ஓட்டச் சொல்லுங்கள், நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியில் பழைய கார் ஓட்டும் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்