பாட்டியின் கேள்வியை எனக்கு மறைத்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

உங்கள் ஊரில் பன்னிரண்டு நாள் ஊழியம் முடித்து நாங்கள் திரும்பி வந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. அடுத்த ஊழியக் குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பை ஏற்க இயலாது என்று நேற்றுச் சபைக் கமிட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணத்தை முதலில் அறியவேண்டியவர் நீங்கள். சபையார் பலரும் இதை வாசிப்பார்கள் என்பதால், குழுவுக்குள் நடந்த மற்ற விஷயங்களைத் தொடாமல் விடுகிறேன். அவற்றை நீங்கள் கண்ணால் கண்டவர்.

கடைசிக் கூட்டம் முடிந்த அந்த மாலையை விட்டு என்னால் நகர முடியவில்லை. நான் அந்தப் பாட்டியின் தலையில் கைவைத்து ஜெபித்தது அது மூன்றாம் முறை. ஆமென் சொன்னதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகக் கேட்டார். விரல்கள் எலும்பாக இருந்தாலும் பிடி தளரவில்லை. எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நீங்கள் சற்றுத் தயங்கிவிட்டு, “நன்றி சொல்கிறார், தம்பி” என்றீர்கள். நானும் நெகிழ்ந்துபோய், அவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன். விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னீர்கள். “எனக்காக மூன்று முறை ஜெபித்தாயே, என் பெயர் என்னவென்று ஒருமுறையாவது கேட்டாயா?” என்பதே அவர் கேட்டது.

அது தெரிந்த பிறகும், வந்த முதல் ஞாயிறே, அவர் கண்ணீரோடு நன்றி சொன்னதாக ஆராதனையில் சாட்சி சொன்னேன். படத்தையும் பெரிதாக்கிக் காட்டினேன். காணிக்கை கொடுத்து அனுப்பியவர்கள் முன்னால் வெறுங்கையோடு நிற்க எனக்குத் துணிவில்லை. என்னை மன்னியுங்கள் என்று எழுதும்போதே, நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்ற கோபமும் சேர்ந்தே வருகிறது. எத்தனை குழுக்களுக்கு எத்தனை கேள்விகளை இப்படி நன்றியாக மாற்றிக் கொடுத்தீர்கள், அண்ணா? நாங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தீர்கள். அதனாலேயே நாங்கள் நிறைவோடு ஊர் திரும்பினோம், அடுத்த குழுவும் எங்களைப் போலவே வந்து இறங்கியது.

1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் கூடிய சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே 35 வயது இந்தியப் போதகர் அசரியா எழுந்து, மேற்கத்திய மிஷனெரிகளைப் பார்த்து, பொருளையும் உயிரையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டதை வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ முறை பெருமையோடு சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நானும் நிற்பதாகவே எண்ணிக்கொண்டேன். அந்தப் பாட்டியின் முன்னால் நான் நின்றதோ, அசரியா யாரைப் பார்த்துப் பேசினாரோ அவர்களுடைய வரிசையில்.

பன்னிரண்டு நாளில் ஒரு மொழியைக் கற்க முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். அவருக்குக் காலம் இருந்தது, எனக்கு இல்லை என்றும் வாதாடினேன். ஆனால் ஒரு பெயரைக் கேட்க எனக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை. நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். விடியுமுன் எழுந்து எங்களுக்காக வெந்நீர் காய்ச்சி, தொண்டை கட்டிய பிறகும் என் பிரசங்கத்தை வரி விடாமல் மொழிபெயர்த்த உங்களைக் கேட்டிருந்தால் சொல்லாமலா போயிருப்பீர்கள்?

அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். வரும் ஞாயிறன்று என் சாட்சியைத் திருத்திச் சொல்லப் போதகரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். விடுமுறை கிடைத்ததும் குழு இல்லாமல் தனியாக வருகிறேன். அவர் பெயரை எனக்கு எழுதி அனுப்பவேண்டாம். நானே கேட்கிறேன், அவர் எப்படித் திட்டினாலும் அதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள். உங்கள் கடைசி இரண்டு கடிதங்களிலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாட்டி நலமாகத்தானே இருக்கிறார், அண்ணா?

உங்கள் தம்பி