முப்பது என்று பில், கையில் இருபத்தாறு

ஆசிரியருக்கு,

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் கிடையாது. ஆனால் மருந்துக்கடையில் மட்டும் எண்ணாமல் விட்டேன்.

முதுகுத்தண்டு வலிக்காக என் மனைவிக்கு மருத்துவர் 30 ட்ராமடால் மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். தக்கலையில் உள்ள ஒரு கடையில் வாங்கினேன். இருபத்தாறாம் நாள் இரவு அட்டை காலியாகிவிட்டது. அவள் மறதியில் கூடுதலாக விழுங்கிவிட்டாளோ என்று கடிந்துகொண்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மறுமாதம் கடை வாசலிலேயே எண்ணினேன். இரண்டு முழு அட்டை, கத்தரித்த ஓர் அட்டையில் ஆறு. காலாவதித் தேதி இருந்த ஓரத்தையும் காணோம். கேட்டதும் ஊழியர் மேசைக்கு அடியிலிருந்து நான்கை எடுத்துக் கொடுத்தார். தேடவே இல்லை!

ட்ராமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நோயாளியின் பெயரையும் கொடுத்த எண்ணிக்கையையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதில் என் மனைவி பெயருக்கு நேரே 30 என்றுதானே இருக்கும்? முதல் மாதத்து நான்கு யாரிடம் போயின?

பேருந்தில் பரிசோதகர் ஏறினால் பயணியிடமும் டிக்கெட் கேட்பார். மருந்து ஆய்வாளர்களும் பதிவேட்டோடு நிறுத்தாமல், அதில் பெயருள்ள சில நோயாளிகளிடம் எத்தனை மாத்திரை கிடைத்தது என்று கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற நடத்துநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்