பிராசஸருக்கு ஒரு பக்கம், மதர்போர்டுக்கு ஒரே வரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகள் எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று சென்ற வார இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு பற்றியெல்லாம் விரிவாக இருந்தது, நல்லது. ஆனால் இவை எல்லாம் பொருந்தும் மதர்போர்டு என்று வந்ததும், பட்ஜெட்டுக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதே யோசனையை ஒரு கடையில் கேட்டுவிட்டு வந்துதான் என் அக்கா மகன் கையைச் சுட்டுக்கொண்டான்.

அவன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். இன்டெல் ஐ7-12700, 3600 வேக டிடிஆர்4 ரேம், விநாடிக்கு 7,000 எம்பி படிக்கும் என்று போட்டிருந்த எஸ்எஸ்டி, எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினான். கடைசியில் மிச்சம் பிடித்தது மதர்போர்டில்: இருப்பதிலேயே விலை குறைந்த எச்610 சிப்செட் போர்டு (சிப்செட் என்பது பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு). பிராசஸர் உட்கார்ந்தால் போதும் தம்பி, எல்லாம் ஒன்றுதான் என்றாராம் கடைக்காரர்.

ஓட்டிப் பார்த்தால் எஸ்எஸ்டி 3,500ஐத் தாண்டவில்லை. போர்டின் பெட்டியில் பிசிஐஇ 4.0 (பாகங்களுக்கிடையே தகவல் போகும் பாதை, 3.0ஐவிட வேகமானது) என்று இருந்ததே என்றான். இருந்தது உண்மைதான், ஆனால் அது பிராசஸரிலிருந்து நேராக வரும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கு, எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டுக்கு எச்610 சிப்செட் கொடுப்பது 3.0தான். ரேமும் 3200இல் நின்றுவிட்டது, அதற்கு மேல் இந்தச் சிப்செட் விடாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எடிட் செய்த வீடியோவை முழுதாக உருவாக்க ரெண்டர் போட்டால் நாலைந்து நிமிடம் வேகமாக ஓடும், அப்புறம் பிராசஸர் வேகம் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து சட்டென்று 2க்கு இறங்கும், கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். பிராசஸர் சூடு 70 டிகிரிகூட இல்லை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைச் சாக்கெட் பக்கமாகத் திருப்பி வைத்தோம், வேகம் ஏறி அப்படியே நின்றது. குற்றவாளி விஆர்எம், அதாவது பிராசஸருக்கு வேண்டிய அளவில் மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி. அந்தப் போர்டில் அதன் மேல் சூட்டை வெளியேற்றும் ஒரு ஹீட்சிங்க்கூட இல்லை, சின்னக் கறுப்புச் சில்லுகள் மொட்டையாக வரிசையில் இருந்தன. 65 வாட் என்று சொல்லப்படும் இந்த ஐ7 டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போது, 180 வாட் வரை இழுக்கும், பாவம் அந்த விஆர்எம் என்ன செய்யும்!

ஒரு காலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் வேலை சிப்செட்டின் ஒரு பகுதியான நார்த் பிரிட்ஜிடம் இருந்தது, அதனால் சிப்செட் மாறினால் வேகமே மாறும். ஏஎம்டி 2003இல் அத்லான் 64-லும் இன்டெல் 2008இல் கோர் ஐ7-லும் அந்த வேலையைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. அதனால்தான் ஒரே பிராசஸரை இரண்டு சிப்செட்டில் வைத்து இரண்டு நிமிட பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓட்டினால் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது, நம் ஆட்களும் வித்தியாசமே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு), யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் இன்னமும் பெரும்பாலும் சிப்செட் வழியாகத்தான் போகின்றன. 2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர் வரிசை வந்த புதிதில் பிராசஸர் அருமையாக இருந்தும், கூட வந்த சிப்செட்டின் சாட்டா போர்ட்டுகள் நாளாக ஆகத் தளர்ந்துபோகலாம் என்று தெரிந்து, இன்டெல் அந்தச் சிப்செட்டை அனுப்புவதையே நிறுத்தியது. பழுதுபார்க்கவும் மாற்றிக்கொடுக்கவும் ஆகும் செலவு 70 கோடி டாலர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

அதனால் அடுத்த முறை இப்படி எழுதும்போது, எந்த எம்.2 ஸ்லாட் பிராசஸரிலிருந்து வருகிறது, எது சிப்செட்டிலிருந்து, விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா, இவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையைப் போட்டால் பத்து நிமிடம் விடாமல் ஓட்டி, கடைசி நிமிடத்தில் வேகம் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள். பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்பதும் முக்கியம். 2018இல் வந்த ஏஎம்டி பி450 போர்டுகளில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸர் ஓடியது அப்டேட்டால்தானே!

அக்கா மகன் பிறகு டிடிஆர்4 போடக்கூடிய ஒரு பி660 போர்டு வாங்கினான். அதே ரேம் 3600இல் ஓடுகிறது, எஸ்எஸ்டி கிட்டத்தட்ட 7,000 தொடுகிறது, டேபிள் ஃபேன் கூடத்துக்குப் போய்விட்டது. அந்த எச்610 போர்டையும் தூக்கிப் போடவில்லை. ஐ3-12100 போட்டு என் கடையில் பில் அடிக்க வைத்திருக்கிறேன், அந்த ஐ3 டர்போவிலேயே 89 வாட்தான். ஒன்றரை வருடமாக ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.